பெர்னில் பிரெஞ்சு, சூரிச்சில் ஆங்கிலம்: பிள்ளைகளின் மொழிப் பாட அனுபவங்கள்

சூரிச்சிலிருந்து:

சுவிசில் பிள்ளை முதலில் எந்த வெளிமொழியைப் படிக்கும் என்பது நீங்கள் எந்த மாநிலத்தில் வீடு எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெர்ன், பாசல் பக்கம் மூன்றாம் வகுப்பில் பிரெஞ்சு, ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலம். சூரிச்சில் அப்படியே தலைகீழ். கணவரின் வேலைக்காக நாங்கள் பெர்னிலிருந்து இங்கே வந்தபோது மகன் ஐந்தாம் வகுப்புக்குப் போக வேண்டிய நேரம். பிரெஞ்சு வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அப்போதுதான் 'போன்ஜூர்' சொல்லத் தொடங்க, இவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். ஆங்கில வகுப்பிலோ இவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ரீச்சர் நல்லவர். முதல் அரையாண்டு ஆங்கிலத்துக்குப் புள்ளி போடாமல் விட்டார். அப்புறம் சொற்பரீட்சை தொடங்கியது. அதற்குப் படிக்கும் சொற்களைப் பிள்ளைகள் 'வோர்ட்லி' என்பார்கள். சின்ன அட்டையில் ஒரு பக்கம் டொச் (ஜெர்மன் மொழி), மறுபக்கம் ஆங்கிலம். சரியாகச் சொன்ன அட்டை பெட்டியில் அடுத்த தட்டுக்குப் போகும், பிழைத்தால் திரும்பவும் முதல் தட்டு. நான் சமைத்துக்கொண்டே சொல்லைத் தமிழில் கேட்பேன். அவன் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, டொச்சைப் பார்த்துச் சரிபார்ப்பான். இங்கே முழுப்புள்ளி 6, பாஸ் 4. மூன்றரையில் நின்றவன் மெல்ல மெல்ல ஐந்தைத் தொட்டான்.

பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் மேல்நிலைப் பள்ளிதான் கிம்னாசியம். "கிம்னாசியம் நுழைவுப் பரீட்சைக்கு டொச்சும் கணக்கும்தானே அக்கா, மற்றதை விடுங்கோ" என்று சிலர் சொன்னார்கள். பரீட்சைக்கு அது சரி. உள்ளே போனபின் வரும் தகுதிகாண் அரையாண்டில் பிரெஞ்சையும் கணக்கில் எடுப்பார்கள், அதை யாரும் சொல்வதில்லை.

2025 செப்டெம்பரில் சூரிச் மாநில நாடாளுமன்றம் பிரெஞ்சை ஆரம்பப் பள்ளியிலிருந்து எடுத்து மேல்வகுப்புக்குத் தள்ள வேண்டும் என்று வாக்களித்தது. பிரெஞ்சு பேசும் பக்கத்தில் கோபம், மத்திய அரசும் தலையிடப் பார்க்கிறது. தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. எந்த மொழி முதலில் வந்தாலும் பரவாயில்லை, நாடு முழுக்க ஒரே ஒழுங்காக இருந்தால் வீடு மாறும் பிள்ளை தப்பும்.

ஜெர்மனியின் டோர்ட்முண்டிலிருந்து:

எங்கள் மாநிலத்தில் கிம்னாசியம் ஏழாம் வகுப்பில் இரண்டாவது வெளிமொழி வரும். பெரும்பாலும் பிரெஞ்சா, லத்தீனா என்றுதான் கேள்வி. மகள் லத்தீன் எடுத்தாள். ஏனடி என்றால், "அதில யாரும் கதைக்கச் சொல்ல மாட்டினம் அம்மா" என்கிறாள்! பரீட்சையில் பெரும்பங்கு லத்தீன் பத்தியை டொச்சில் பெயர்ப்பதுதான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வேற்றுமை உருபுகளோடு மல்லுக்கட்டியவளுக்கு லத்தீன் வேற்றுமைகள் பெரிதாகத் தெரியவில்லை. டொச் கட்டுரையும் முன்பைவிடத் திருத்தமாக எழுதுகிறாள். வேலைக்கு உதவுமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

லக்சம்பர்க்கிலிருந்து:

இங்கே பாலர் வகுப்பில் லக்சம்பர்க் மொழி, எழுதப் படிக்கப் பெரும்பாலும் டொச், கொஞ்சம் கழித்துப் பிரெஞ்சு. அதுகூடப் பரவாயில்லை. ஆரம்பப் பள்ளியில் டொச்சில் படித்த கணக்கை மேல்நிலையில் பிரெஞ்சில் படிக்க வேண்டும். என் அண்ணன் மகனுக்குப் பின்னம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பிரெஞ்சில் வசனக் கணக்கு வந்தால் பேனாவை வைத்துவிடுகிறான். பிரெஞ்சில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் தமிழ் மாணவர்கள் யாராவது இந்தப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள், அடுத்த மாதம் அவனுக்குப் பரீட்சை.