இடம் மாற்றிய பிறகு பயோசேஃப்டி கேபினெட்டில் ஏர்ஃப்ளோ அலாரம்: ஃபில்டர் போய்விட்டதா?

வெண்கோட்டு:
வணக்கம். எங்கள் லேபில் காசநோய் சளி மாதிரிகளுக்கு கல்ச்சர் போடுகிறோம், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிறோம். கிருமி வெளியே பரவாதபடி காற்றை வடிகட்டும் பெட்டியான இந்தக் கேபினெட் இரண்டாம் வகுப்பு, ஏ2 வகை. மூன்று வாரத்துக்கு முன் அதைப் பக்கத்து அறைக்கு மாற்றினோம்; நாங்களே நான்கு பேர் தள்ளிக்கொண்டு போனோம். அதிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை அலாரம் அடிக்கிறது, அரை நிமிஷத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். பிரஷர் கேஜ் பழைய அளவையே காட்டுகிறது. விற்றவர்கள் ஹெப்பா ஃபில்டரை (கிருமியைப் பிடிக்கும் நுண் வடிகட்டி) மாற்றச் சொல்கிறார்கள். ராத்திரி முழுக்க யூவி (புற ஊதா) விளக்கைப் போட்டுவிட்டுத்தான் போகிறோம். ஃபில்டர் மாற்றித்தான் ஆக வேண்டுமா? உள்ளே இருப்பது டிபி என்பதால் பயமாக இருக்கிறது.

கல்ச்சர்பிளேட்:
எங்களுக்கும் இப்படி அடித்தது. கேபினெட்டின் தலையில் கையுறைப் பெட்டிகளை அடுக்கியிருந்தோம், காற்று வெளியேற வழியில்லை. எடுத்ததும் சரியாகிவிட்டது. முதலில் மேலே பாருங்கள்.

வெண்கோட்டு:
பார்த்துவிட்டேன், மேலே ஒன்றும் இல்லை.

பழைய டெக்னீஷியன்:
சளி மாதிரி வேலையை இன்றே நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம். நகர்த்திய கேபினெட்டை மறுபடி சோதித்துச் சான்று வாங்காமல் அதில் டிபி வேலை செய்யக் கூடாது. ஏ2 வகையில் காற்றில் ஏறக்குறைய 70 விழுக்காடு உள்ளேயே சுற்றும், மீதி 30 உங்கள் அறைக்குள்தான் வெளியேறும். நடுவில் காவல் ஹெப்பா மட்டும். தள்ளும்போது அதைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் பட்டையான கேஸ்கட் கொஞ்சம் விலகியிருந்தாலும் வடிகட்டாத காற்று வெளியே வரும். கண்ணுக்கும் தெரியாது, கேஜிலும் தெரியாது.

இப்போது அலாரம். ஃபில்டர் அடைத்துக்கொண்டு வந்தால் கேஜ் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். உங்களுக்கு அது அசையவே இல்லை, அலாரமும் வந்து வந்து போகிறது. எனக்கு அறைக் காற்றின் மேல்தான் சந்தேகம். முன் திறப்பில் காற்று உள்ளே போகும் வேகம் நிமிஷத்துக்கு 100 அடி, அதாவது நொடிக்கு அரை மீட்டர்தான். மின்விசிறியோ, பின்னால் ஒருவர் விறுவிறுவென நடப்பதோ போதும், அது கலைந்துவிடும். ஏசி எங்கே இருக்கிறது?

ஒன்று செய்து பாருங்கள். உள்ளே எல்லாம் துடைத்து, ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகு, திறப்புக்கு வெளியே ஓரத்தை ஒட்டி ஒரு ஊதுபத்தியை மெதுவாக நகர்த்துங்கள். புகை முழுவதும் முன் கிரில்லுக்குள் (திறப்பின் ஓரத்தில் காற்றை இழுக்கும் துளைகள்) இறங்க வேண்டும். ஏசி இல்லாமல் ஒரு தடவை, போட்டு ஒரு தடவை. இது காரணம் தேடத்தான், சான்றுக்கு ஈடாகாது.

யூவியை நம்பாதீர்கள். குழாயில் தூசி படிந்தாலே வலு குறைந்துவிடும், பொருள்களின் நிழலில் ஒன்றும் சாகாது. கிருமிநாசினியால் துடைப்பதுதான் வேலை செய்யும்.

பயோடெக்மாணவி:
நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் கல்லூரியிலும் இதுபோல் காற்று ஓடும் ஒரு பெட்டி இருக்கிறது, லாமினார் என்று சொல்வோம். அதில் பாக்டீரியாவைத் தட்டில் ஸ்ட்ரீக் செய்கிறோம் (கோடாக இழுத்து வளர்ப்பது), ஸ்பிரிட் விளக்கும் வைப்போம். இரண்டும் ஒன்றா?

பழைய டெக்னீஷியன்:
நல்ல வேளை கேட்டீர்கள். எல்லாவற்றையும் லாமினார் என்று அழைப்பதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். உட்கார்ந்தால் முகத்தில் காற்று அடிக்கிறதா? அப்படியானால் அது சுத்தக் காற்று மேசை. உங்கள் தட்டைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. தட்டில் இருப்பதை நேராக உங்கள் மூக்குக்கே அனுப்பும். செடித் திசு வளர்ப்புக்கு அருமையானது, நோய்க்கிருமிக்குக் கூடவே கூடாது. உங்கள் ஆசிரியரிடம் இன்றே காட்டிக் கேளுங்கள். பயோசேஃப்டி கேபினெட் என்றால் அதற்குள் விளக்கு வேண்டாம். சூடு காற்றோட்டத்தைக் குலைக்கும், ஃபில்டருக்கும் கேடு. கிருமியை எடுக்க, ஒருமுறை பயன்படுத்தி எறியும் லூப் (சிறு வளையக் குச்சி) இருக்கிறதே.

வெண்கோட்டு:
செய்து பார்த்தேன் சார். ஏசி நேர் எதிர்ச் சுவரில் இருக்கிறது, மதியம்தான் போடுவோம்! நிறுத்தியிருந்தபோது புகை அழகாக உள்ளே இறங்கியது. போட்ட சில நொடியில் வலது மூலையில் புகை திரும்பி என் நெஞ்சுக்கு வந்தது, அலாரமும் அடித்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது: பதிவு நோட்டை முன் கிரில் மேலேயே வைத்திருந்தோம். மாதிரிகளை இப்போது வேறு லேபுக்கு அனுப்புகிறோம். கதவும் ஏசியும் படாத உள்சுவருக்கு கேபினெட்டை நகர்த்தலாம் என்று நினைக்கிறேன். நாளைக்கே தள்ளிவிடலாமா?

பழைய டெக்னீஷியன்:
நீங்களாகத் தள்ளாதீர்கள். டிபி வேலை நடந்த கேபினெட் அது. சான்று கொடுப்பவரை வரவழைத்து, முதலில் ஃபார்மால்டிஹைடு வாயுவோ ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியோ செலுத்திக் கிருமி நீக்கச் சொல்லுங்கள். பிறகு நகர்த்துங்கள். புது இடத்தில் ஃபில்டர் கசிவு, காற்றின் வேகம், புகை மூன்றையும், ஏசி ஓடும்போதே, சோதிக்கச் சொல்லுங்கள். கசிவு இருந்தால் மட்டும் ஃபில்டரைப் பற்றிப் பேசுங்கள். மூன்று வாரமாக அதன் முன்னால் உட்கார்ந்த எல்லாருடைய பெயரையும் எழுதி, உங்கள் டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

வெண்கோட்டு:
ஐந்து பேர் சார். பட்டியல் கொடுத்துவிட்டேன். இன்ஜினியர் வியாழக்கிழமை வருகிறார்.