மெலாங்கெல் தேவாலயம்: முயல் கதையில் எவ்வளவு உண்மை?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. வேல்ஸில் பொவிஸ் பக்கம் போகிறோம். மலை முடுக்கில் பென்னன்ட் மெலாங்கெல் என்று ஒரு சின்னத் தேவாலயம் இருக்கிறது. மெலாங்கெல் அயர்லாந்து இளவரசியாம். கல்யாணம் வேண்டாமென்று ஓடிவந்து அங்கே தவமிருந்தாராம். 604-இல் சிற்றரசன் ப்ரொக்வெல் வேட்டையாடியபோது, நாய்கள் துரத்திய முயல் இவர் ஆடைக்குள் ஒளிந்துகொண்டது. அரசன் மனம் நெகிழ்ந்து அந்த நிலத்தையே கொடுத்துவிட்டான். கட்டடமும் அந்தக் காலத்ததுதானா?

பதில் 1:
இல்லை. இப்போதுள்ள கட்டடம் 12-ஆம் நூற்றாண்டில் தொடங்குவது. 604 என்ற ஆண்டைச் சொல்லும் வரலாறோ அதற்கும் வெகு பிந்திய பிரதிகளில்தான் கிடைக்கிறது. வேல்ஸின் காவல் புனிதரான டேவிட்டின் கதையும் இப்படித்தான்: அவர் 6-ஆம் நூற்றாண்டுக்காரர், ரிகிவார்க் என்ற வேல்ஸ் குருமார் அவர் வரலாற்றை எழுதியது 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில். லான்டெய்லோவில் டெய்லோ, லான்பாடர்னில் பாடர்ன் என்று ஊர்ப்பெயரில் துறவியின் பெயர் இருப்பதாலேயே அவர் அங்கே வாழ்ந்தார் என்று முடிவு கட்டக்கூடாது. தேவாலயத்தை அவருடைய சீடர்கள் நிறுவியிருக்கலாம், பிற்காலத்தில் யாரோ பெயர் சூட்டியும் இருக்கலாம்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனாலும் ஆண்டுக் கணக்கோடு மெலாங்கெலை விட்டுவிடாதீர்கள். நான் அங்கே போயிருக்கிறேன். தேவாலய முற்றம் வட்டமானது, சுற்றிலும் ஆயிரம் ஆண்டு தாண்டியதாகச் சொல்லப்படும் யூ என்னும் பசுமை மாறா மரங்கள். உள்ளே 12-ஆம் நூற்றாண்டில் அவருக்கு எழுப்பிய கல் மாடம் நிற்கிறது. சமயச் சீர்திருத்தக் காலத்தில் அதை உடைத்தார்கள். கற்கள் தேவாலயச் சுவரிலும் வாசல் மண்டபத்திலும் போய்ச் சேர்ந்தன. 20-ஆம் நூற்றாண்டில் அந்தத் துண்டுகளைத் தேடியெடுத்து மறுபடி நிறுத்தினார்கள். எந்தத் துண்டு பழையது என்று பக்கத்தில் நின்றாலே தெரியும். எனக்கு வேல்ஸிலேயே மிகப் பிடித்த இடம் அதுதான்.

முன்பு முயல்களை அந்த ஊரார் 'மெலாங்கெலின் ஆட்டுக்குட்டிகள்' என்பார்கள், கொல்லமாட்டார்கள். நாய் துரத்தும் முயலைப் பார்த்து 'கடவுளும் மெலாங்கெலும் உன்னோடு இருக்கட்டும்' என்று கத்தினால் அது தப்பிவிடும் என்ற நம்பிக்கையும் இருந்தது. அவர் இளவரசியா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு பெண் துறவியின் பேரால் ஒரு பள்ளத்தாக்கே முயலைக் காத்தது நிஜம். எனக்கு அது 604-ஐ விடப் பெரிய செய்தி.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முயல் சிற்பம் ஏதாவது உண்டா?

பதில் 2:
உண்டு. பீடத்துக்கு முன்னால் உள்ள 15-ஆம் நூற்றாண்டு மரத்தடுப்பில் ப்ரொக்வெல், மெலாங்கெல், முயல், நாய்கள் எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். உருவங்கள் சின்னவை, டார்ச் எடுத்துப் போங்கள். பக்கத்து ஊரான லாங்கினோக்கில் இருந்து போகும் பாதை ஒரு வண்டிதான் போகும், மெதுவாக ஓட்டுங்கள்.