எதிரே வருபவர் விளக்கை அடித்துக் காட்டினால் "வா" என்று பொருளா, "வராதே" என்று பொருளா?

கேள்வி: குடந்தைவாசி

அனைவருக்கும் வணக்கம். 11 ஆண்டுகள் இங்கிலாந்தில் கார் ஓட்டிய பிறகு, சென்ற ஆண்டு கும்பகோணத்துக்கே குடும்பத்துடன் திரும்பிவிட்டேன். கடந்த வாரம் இரவு எட்டு மணி அளவில், ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே கடக்கக்கூடிய வாய்க்கால் பாலம் ஒன்றின் ஒரு முனையை நான் நெருங்கியபோது, மறுமுனைக்கு வந்த கார் முகப்பு விளக்கை இரண்டு முறை அடித்துக் காட்டியது. அங்கே வழி விடுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது இதுதான் என்பதால், அவர் எனக்காக நிற்கிறார் என்று எண்ணி நான் பாலத்தில் ஏறிவிட்டேன். அவரும் ஏறிவிட்டார். இரண்டு வண்டிகளும் ஒரு முழ இடைவெளியில் நின்றன. பக்கத்து இருக்கையில் இருந்த என் அம்மாவின் மடியிலிருந்த தூக்குவாளி கவிழ்ந்து, சூடான சாம்பார் அவர் காலில் கொட்டிவிட்டது. இறங்கி வந்த அந்த ஓட்டுநர், "லைட் அடிச்சுக் காமிச்சும் வர்றீங்களே சார்" என்று கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்ததா என்பதுகூட எனக்கு விளங்கவில்லை.

ஆகவே, விளக்கை அடிப்பதற்கு நம் ஊரில் என்ன பொருள், சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். காவல்துறைச் சோதனை நடக்கும் இடத்தைத் தாண்டி வருபவர்கள் எதிரில் வருபவர்களுக்கு விளக்கடித்து எச்சரிக்கிறார்களே, அது குற்றமா? இன்னொன்றும் உண்டு. நான் விளக்கைத் தாழ்த்தியே ஓட்டினாலும், எதிரே வருபவர்களில் பலர் டிம் பண்ணச் சொல்லி எனக்கு விளக்கடிக்கிறார்கள். இதற்கு என்ன காரணம்?

பதில் 1: ஸ்டியரிங் 27

புறநகர்ப் பேருந்தில் 27 ஆண்டுகள் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நம் சாலைகளில் எதிரே வருபவர் விளக்கை அடித்தால், "நான் வந்துகொண்டிருக்கிறேன், நீ நில்" என்றே பெரும்பாலும் பொருள். வழி விடுகிறவர் இதற்கு நேர்மாறாகச் செய்வார். வண்டியை ஓரமாக நிறுத்தி, முகப்பு விளக்கை அணைத்து, பார்க்கிங் விளக்கை மட்டும் எரியவிடுவார். எதிரே வருபவரின் கண் கூசாமல் பாலத்தின் கைப்பிடிச் சுவர் அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பழக்கம் இது. சிலர் உள்விளக்கைப் போட்டுக் கையையும் அசைப்பார்கள். எதிர் வண்டியின் விளக்கு அணைந்ததைப் பார்த்தாலும், அதன் சக்கரம் நின்றதை என் கண்ணால் பார்த்த பிறகே நான் பாலத்தில் ஏறுவேன். அம்மாவின் கால் இப்போது எப்படி இருக்கிறது?

மலைச்சாலையில்தான் விளக்கடிப்பதன் முழுப் பயனும் தெரியும். வால்பாறைச் சாலையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரவில் ஒலியைவிட ஒளியே முதலில் போய்ச் சேரும். வளைவுக்கு முன்னால் ஒருமுறை அடித்தால் மேலே பாறையில் வெளிச்சம் படுவதைப் பார்த்து, இறங்கி வருபவர் ஒதுங்கிக்கொள்வார். சாலை குறுகலாக இருந்தால், ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும் என்பது விதி. அதைக் கடைப்பிடிப்பதற்கு, வண்டி வருவது முதலில் தெரிய வேண்டுமல்லவா?

முந்துவதற்கு முன்னால் இருக்கும் லாரிக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ அடித்துக் காட்டுவதும் முறையானதே. அவருடைய பின்பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ஓயாமல் அடிப்பது மிரட்டல். லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டால் எல்லா நேரமும் முந்தச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் உண்மையாகவே வலது பக்கம் திரும்பப் போகலாம். அப்படி நம்பி உயிரைவிட்டவர்களை நான் அறிவேன்.

பதில் 2: வழக்காடி

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்தி வருகிறேன். சட்டத்தின் நிலையைச் சொல்கிறேன்.

விளக்கை அடித்தவருக்கு வழியுரிமை வந்துவிடும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலோ அதன் கீழ் வந்த விதிகளிலோ எங்கும் இல்லை. எனவே "நான் லைட் அடித்தேன்" என்று அந்த ஓட்டுநர் சொன்னது எதிரில் வந்தவரை எச்சரித்தார் என்பதற்குச் சான்றாகலாமே தவிர, பாலத்தில் முதலில் ஏறும் உரிமை அவருக்கு இருந்தது என்று காட்டாது. நீங்களும் அவர் நின்றாரா என்று பார்க்காமல் ஏறியிருக்கிறீர்கள். தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தால் இருவர் பக்கமும் கவனக்குறைவு இருந்தது என்றே நான் எதிர்பார்த்திருப்பேன். வருத்தமாக இருந்தாலும் இதை நேராகச் சொல்வதே உங்களுக்கு உதவும்.

கண்ணைக் கூசவைக்கும் விளக்குக்கு விதி உண்டு. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, முன்விளக்கின் ஒளி கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்றும், விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், வண்டியின் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கூச்சம் ஏற்படக் கூடாது என்றும் அளவுகளோடு சொல்கிறது. இத்தகைய விதிமீறலுக்குப் பிரிவு 177இன்படி முதல் முறை 500 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைகளில் 1,500 ரூபாய் வரையிலும் அபராதம் உண்டு. 2017இல் வந்த வாகனம் ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மீறுவோருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 177ஏ பிரிவின்படி 500 முதல் 1,000 ரூபாய் வரை விதிக்கலாம். ஒருவர் விளக்கடித்தபடி நெருங்கி வந்து ஆபத்தை உண்டாக்கினால், பிரிவு 184இன்படி அபாயகரமாக ஓட்டிய வழக்காகவும் அது மாறலாம்.

காவல் சோதனையைப் பற்றி விளக்கால் எச்சரிப்பதைப் பெயர் சொல்லித் தடுக்கும் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. பொது ஊழியரின் பணியை வேண்டுமென்றே தடுத்தல் என்ற குற்றத்துக்கு, இந்தியாவின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 221ஆவது பிரிவில் 3 மாதம் வரை சிறையோ 2,500 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஆனால் வெறும் விளக்கடிப்பு அந்த அளவுக்குப் போகிறதா என்பது வாதத்துக்கு உரியது. அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தின் எல்லிஸ்வில் நகரில் இப்படி எச்சரித்த ஓட்டுநர் தொடுத்த வழக்கில், அது பேச்சுரிமைக்குள் அடங்கக்கூடியது என்று கருதிய கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம், அதற்காக ஓட்டுநர்கள் மீது நடவடிக்கை எடுக்க 2014இல் தடை விதித்தது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாம் எச்சரிப்பது யாரை என்று நமக்கே தெரியாது. எதிரே வருபவர் தலைக்கவசம் மறந்த கல்லூரிப் பையனாக இருக்கலாம், குடித்துவிட்டு லாரி ஓட்டி வருபவராகவும் இருக்கலாம். அதனால் நான் எச்சரிப்பதில்லை. சாலையில் மரம் விழுந்து கிடந்தாலோ மாடுகள் நின்றாலோ தயங்காமல் அடித்துக் காட்டுவேன்.

பதில் 3: தேம்ஸ் தமிழன்

குடந்தைவாசி அவர்களே, நீங்கள் இங்கே கற்றுக்கொண்டது பழக்கம்தான், விதி அன்று. பிரிட்டனின் நெடுஞ்சாலைக் கையேட்டில் 110ஆவது விதி, நாம் அங்கே இருப்பதைப் பிறருக்குத் தெரிவிப்பதற்காக மட்டுமே விளக்கை அடிக்க வேண்டும், வேறு எந்தச் செய்தியையும் சொல்லவோ பிறரை அச்சுறுத்தவோ கூடாது என்கிறது. அடுத்த விதியான 111, விளக்கை அடிப்பதை "முன்னே வாருங்கள்" என்ற அழைப்பாக ஒருபோதும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. வழிவிடுவதுபோல் விளக்கடித்துக் காட்டி, நம்பி வெளியே வரும் காரின் மீது வேண்டுமென்றே மோதிக் காப்பீட்டுப் பணம் கேட்கும் மோசடிகூட இங்கே நடந்திருக்கிறது. விளக்கடித்ததை அவர்கள் பிறகு மறுத்துவிடுவார்கள், நம்மிடம் சான்றும் இருக்காது. நான் வண்டியில் கேமரா பொருத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, இரண்டு நாடுகளிலும் ஓட்டுநர்கள் அந்த வெளிச்சத்துக்கு வேறுவேறு பொருள் கற்பித்துக்கொண்டாலும், "நான் இங்கே இருக்கிறேன்" என்பதைத் தாண்டி அதை நம்ப இடமில்லை.

பதில் 4: மங்கை_திருச்சி

உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், சகோதரரே. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் கீழே 0, 1, 2, 3 என்று எண்கள் போட்ட சிறு குமிழ் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஆட்களும் மூட்டைகளும் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். தாழ்த்திய விளக்கும் எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராகப் போய்விடும். பாரத்துக்கு ஏற்ப அந்தக் குமிழைத் திருப்பினால் ஒளி இறங்கும். பல்பை மாற்றியிருந்தால் அதையும் சோதியுங்கள். ஹாலஜன் பல்புக்காகச் செய்த கூட்டில் கடையில் வாங்கிய எல்இடியைப் பொருத்தினால் வெளிச்சம் நாலாபுறமும் சிதறும்.

எதிரே வருபவரின் பார்வை இரண்டு மூன்று விநாடி மங்கினால் என்ன என்று சிலர் நினைக்கிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறோம். மூன்று விநாடி என்றால் 66 மீட்டர். நான் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள். அந்த 66 மீட்டருக்குள் சாலையோரத்தில் போய்க்கொண்டிருப்பது என்னைப் போன்றவர்கள்தான். பகலில் ஸ்கூட்டர் விளக்கு எரிகிறது என்று இன்னும் விரலை விரித்து மூடிக் காட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2017 ஏப்ரல் முதல் விற்கும் இருசக்கர வண்டிகளில் விளக்கு தானாகவே எரியும், அணைக்க முடியாது.

குடந்தைவாசி

அனைவருக்கும் நன்றி. அம்மாவின் காலில் கொப்புளம் வற்றிவிட்டது, விசாரித்த பெரியவருக்குத் தனியாக நன்றி. வழக்கறிஞர் ஐயா சொன்னது கசந்தாலும் உண்மை. நின்று பார்த்திருக்க வேண்டியவன் நான். குமிழ் இருக்கிறது, இத்தனை நாளும் 0இல்தான் இருந்திருக்கிறது. பின்னிருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் இரண்டு அரிசி மூட்டைகளுமாக நேற்றிரவு தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது அதை 2இல் வைத்தேன். வழியில் ஒருவர்கூட எனக்கு விளக்கடிக்கவில்லை. அதே பாலத்துக்கு வந்தபோது மறுமுனையில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றது. பார்க்கிங் விளக்கை மட்டும் எரியவிட்டுக் காத்திருந்தேன். என்னைக் கடக்கும்போது அதன் ஓட்டுநர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.