கென்வுட் டிஎஸ்-440எஸ் கணினியோடு பேச மாட்டேன் என்கிறது

நெல்லை_வயர்லெஸ்:
வணக்கம் ஓஎம்களே, அதாவது அமெச்சூர் ரேடியோ நண்பர்களே. எனக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்தவர் பார்வை மங்கிப்போனதால் தன் ஷாக்கை (ரேடியோ அறையை) கலைத்துவிட்டார். அவருடைய டிஎஸ்-440எஸ் இப்போது என் மேசையில். 1980களின் ரிக் (அனுப்பவும் வாங்கவும் செய்யும் ரேடியோ), இன்றும் 100 வாட் சுத்தமாகத் தருகிறது. இதில் எஃப்டி8 (கணினி வழியே சிறு செய்திகளை அனுப்பும் டிஜிட்டல் முறை) ஓட்ட ஆசை.

ஒலிக்கு வழி செய்துவிட்டேன். பின்பக்கம் இருக்கும் 13 பின் சாக்கெட்டில் 3-ஆம் பின்னிலிருந்து எடுத்து, 11-ஆம் பின்னுக்குக் கொடுத்து, நடுவே 1:1 டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்கிறேன். ரிசீவ் அருமை.

சிக்கல் கணினியிலிருந்து ரிக்குக்குக் கட்டளை அனுப்புவதில்தான். முதலில் வாங்கிய யுஎஸ்பி-சீரியல் கேபிளுக்கு விண்டோஸ் 11 மஞ்சள் முக்கோணமும் கோட் 10-உம் காட்டியது. வேறு கேபிள் வாங்கினேன், காம் 5 என்று ஒழுங்காக வருகிறது. அதை ஒரு மேக்ஸ்232 போர்டில் (சீரியல் வோல்ட்டை 5 வோல்ட் மட்டத்துக்கு மாற்றும் சிப்) செருகி, அங்கிருந்து ரிக்கின் 6 பின் டின் சாக்கெட்டுக்கு வயர் இழுத்தேன். 9600, 4800 வேகம் இரண்டிலும் முயன்றாயிற்று. ரிக் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. மேக்ஸ்232-ஐ இரண்டு முறை மாற்றிவிட்டேன். எங்கே தப்பு?

கோவை_20மீ:
இவ்வளவு பாடு எதற்கு? ஐகாம் 7300 வாங்குங்கள். ஒரே யுஎஸ்பி கேபிளில் ஒலி, கட்டளை எல்லாம் போய்விடும்.

ரோசின்_புகை:
குரு கொடுத்த ரிக்கை ஓரம் கட்டச் சொல்கிறீர்களே, கோவை. பாவம்.

நெல்லை, கேபிளை மறந்துவிட்டு ரிக் பக்கமிருந்து வாருங்கள். முதல் கேள்வி: மூடியைக் கழற்றிப் பார்த்தீர்களா? டிஎஸ்-440எஸ்-இல் கணினி இணைப்புக்கு வேண்டிய இரண்டு சிப்புகளைக் கம்பெனி சும்மா போட்டுத் தரவில்லை. ஐசி-10 என்ற பெயரில் தனியாக விற்றார்கள். டின் சாக்கெட் எல்லா ரிக்கிலும் இருக்கும், அதற்குப் பின்னால் ஆள் இருக்க வேண்டுமே! கன்ட்ரோல் போர்டில் 28 கால் சாக்கெட் ஒன்று, 16 கால் சாக்கெட் ஒன்று காலியாக இருந்தால் மேக்ஸ்232-ஐ இருபது முறை மாற்றினாலும் பதில் வராது. வேண்டியவை 8251ஏ, 4040. நம்மூர் இன்ஜினியரிங் காலேஜில் படித்தவர்களுக்கு 8251 யாரென்று தெரியும். 8085 லேபில் நம்மைப் படுத்தியெடுத்த அதே ஆசாமி.

இரண்டாவது, தலைகீழ் விவகாரம். ஆர்எஸ்-232 என்ற கணினி சீரியல் முறையில் வேலை இல்லாதபோது லைன் மைனஸ் வோல்ட்டில் நிற்கும். மேக்ஸ்232 அதைத் திருப்பி 5 வோல்ட்டாக்கும். 0, 5 வோல்ட்டில் பேசும் சாதாரண டிடிஎல் கருவிகளுக்கு அது சரி. இந்தக் கென்வுட் சும்மா இருக்கும்போது 0 வோல்ட்டை எதிர்பார்க்கும். அதாவது மட்டம் டிடிஎல், முறை ஆர்எஸ்-232. அதனால் உங்கள் போர்டுக்குப் பிறகு இன்னொரு முறை திருப்ப வேண்டும். சிக்னலைத் திருப்பும் ஒரு 74எல்எஸ்04 சிப் போதும், ஆறு கேட்டில் நாலு செலவாகும்: டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது), ஆர்டிஎஸ், சிடிஎஸ் (அனுப்ப அனுமதி கேட்பதும் கொடுப்பதும்). நான் செய்தது இன்னும் சுலபம். 5 வோல்ட் எஃப்டி232ஆர்எல் யுஎஸ்பி-சீரியல் மாட்யூலை நேராக ரிக்கில் கோத்து, எஃப்டி-ப்ராக் மென்பொருளில் அந்த நாலு சிக்னலையும் தலைகீழாக்கச் சொல்லி டிக் போட்டேன். பிறகு மல்டிமீட்டரை டிஎக்ஸ் பின்னில் வையுங்கள். 5 காட்டியது 0-க்கு இறங்கியிருந்தால் எழுதப்பட்டுவிட்டது. போலி சிப்பாக இருந்தால் அடம்பிடிக்கலாம், அப்போது 74எல்எஸ்04-தான் கதி.

டின் சாக்கெட்டில் 1 கிரவுண்ட், 2 ரிக் பேசுவது, 3 ரிக் கேட்பது, 4 சிடிஎஸ், 5 ஆர்டிஎஸ். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள், அனுமதி கிடைக்காமல் ரிக் வாய் திறக்காது. வேகம் 4800, ஸ்டாப் பிட் 2. பலர் ஒன்று என்றே விட்டுவிடுவார்கள்.

அந்தக் கோட் 10 கேபிளுக்குள் பெரும்பாலும் பழைய பிஎல்2303 சிப் அல்லது அதன் போலி இருக்கும். புது டிரைவர் அவற்றை வேண்டுமென்றே ஒதுக்குகிறது.

நெல்லை_வயர்லெஸ்:
சார், திறந்தேன். இரண்டு சாக்கெட்டும் காலி! மூன்று வாரம் எதோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. சென்னைக்குப் போன மருமகனிடம் சொல்லி ரிச்சி தெருவில் இரண்டு சிப்பும் வாங்கிவரச் சொன்னேன். எஃப்டி232-ஐயும் திருப்பி எழுதினேன். டெர்மினலில் அதிர்வெண்ணைக் கேட்கும் எஃப், ஏ, ஒரு அரைப்புள்ளி தட்டியதும் 00014074000 என்று பதில் வந்தது. டயலைச் சுற்றிவிட்டு மறுபடி கேட்டால் எண் மாறுகிறது!

ஆனால் புதுத் தலைவலி. பிடிடி-க்கு (ரிக்கை அனுப்பும் நிலைக்கு மாற்றும் சிக்னல்) இன்னொரு கேபிளின் ஆர்டிஎஸ்-ஐ ஒரு டிரான்சிஸ்டர் வழியாக 13 பின் சாக்கெட்டின் 9-ஆம் பின்னில் கொடுத்திருக்கிறேன். கேபிளைச் செருகினாலே ரிக் ஒரு கணம் டிரான்ஸ்மிட்டுக்குப் போய்வருகிறது. மென்பொருளைத் திறந்தால் அங்கேயே நின்றுவிடுகிறது.

பினாங்கு_9எம்2:
என்னிடமும் இதே கதை நடந்தது. போர்ட்டைத் திறக்கும்போது ஆர்டிஎஸ், டிடிஆர் லைன்கள் இரண்டையும் உயர்த்துவது பல மென்பொருட்களின் வழக்கம். பிடிடி கேபிளும் எஃப்டிடிஐ (எஃப்டி232 செய்யும் கம்பெனி) சிப் என்றால் டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் சீரியல் எனுமரேட்டர் டிக்கை எடுங்கள். செருகியவுடன் பழைய சீரியல் மவுஸ் இருக்கிறதா என்று விண்டோஸ் தட்டிப் பார்ப்பது நிற்கும். அப்புறம் எஃப்டி8 மென்பொருளான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் பிடிடி முறை ஆர்டிஎஸ் என்று அந்தக் கேபிளின் போர்ட்டைக் காட்டுங்கள், வேறு எந்த மென்பொருளும் அதைத் தொடக்கூடாது. அது சரியாகும்வரை டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் போடும் மின்தடை) வைத்தே சோதியுங்கள், பிடிடி வயரில் ஒரு சின்ன சுவிட்சும் போட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லை_வயர்லெஸ்:
இரண்டும் செய்தேன், அடங்கிவிட்டது. நேற்றிரவு 20 மீட்டரில் 30 வாட்டில் முதல் எஃப்டி8 தொடர்பு. குருவுக்குப் போன் செய்தேன். "காதில் எதுவும் கேட்காமல் இது என்னய்யா ரேடியோ?" என்றார்.

50 வாட்டைத் தாண்டினால் மவுஸ் உறைகிறது. கேபிளில் ஏறும் ரேடியோ அலையை அடக்க ஃபெரைட் வளையம் தேடப் போகிறேன். சரிப்படவில்லையென்றால் திரும்ப வருவேன். 73 (வாழ்த்துகள்).