இரண்டாம் செமஸ்டரில் லிங்க்டு லிஸ்ட்டைக் கையால் எழுதத்தான் வேண்டுமா?

கரும்பலகை:
கம்ப்யூட்டர் படிப்பில் முதல் செமஸ்டரில் சி மொழி, இரண்டாவதில் டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை அடுக்கி வைக்கும் முறைகள்). என் தங்கை இப்போது அதில்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறாள். ரெக்கார்டு நோட்டில் பதினைந்து பக்கம் லிங்க்டு லிஸ்ட், அதாவது ஒவ்வொரு கண்ணியும் (நோடு) அடுத்ததன் முகவரியை (நெக்ஸ்ட்) வைத்திருக்கும் சங்கிலி. ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட், தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டுப் புரோகிராம் விழுந்துவிடுகிறது. பைத்தானில் லிஸ்ட், செட், டிக்‌ஷனரி எல்லாம் ரெடியாக இருக்கும்போது இந்த வதை எதற்கு?

மாலோக்:
ரெடியாக இருக்கிறது, சரி. எப்போது எதை எடுப்பது? எங்கள் டீமுக்குப் புதிதாக வந்த பையனிடம் இரண்டு பட்டியல்களைக் கொடுத்தோம், ஒவ்வொன்றிலும் 5 லட்சம் எண்கள். இரண்டிலும் இருப்பவற்றை எடுக்க வேண்டும். லூப் போட்டு, ஒவ்வொரு எண்ணையும் இன்னொரு லிஸ்ட்டில் முதலிலிருந்து தேடவிட்டான். மோசமான நிலையில் 25,000 கோடி ஒப்பீடுகள். நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வரியில் லிஸ்ட்டை செட்டாக மாற்றினோம், உடனே முடிந்தது.

கரும்பலகை:
இது எனக்குச் சாதகமான கதை அண்ணே. அவனும் லிங்க்டு லிஸ்ட் எழுதி ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியவன்தானே?

மாலோக்:
வாங்கியவன்தான். சீனியர் நோட்டைப் பார்த்து எழுதியிருப்பான். செட்டுக்கு அடியில் இருப்பது ஹாஷ் டேபிள், மதிப்பை வைத்தே அது இருக்கும் இடத்தைக் கணக்கிடும் அமைப்பு. அதை ஒரு தடவை தானே கட்டியிருந்தால், செட் ஏன் தேடாமலேயே சரியான இடத்துக்குப் போகிறது என்று புரிந்திருக்கும்.

வைவாக்கா:
நான் லேப் எடுக்கிறவள். வரிசையான பட்டியலைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் பைனரி சர்ச்சில் நடுப்புள்ளிக்கு, தேடும் பகுதியின் தொடக்கமான லோவையும் முடிவான ஹையையும் கூட்டி இரண்டால் வகுப்போமே, அந்த வரி ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே ஒன்பது வருடம்போலத் தப்பாகக் கிடந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006இல் எழுதித்தான் பலருக்கும் தெரிந்தது. கூட்டுத்தொகை 214 கோடியைத் தாண்டினால் 32 பிட் இன்ட் (முழு எண்) கொள்ளாமல் மைனஸுக்குப் போய்விடும்.

கரும்பலகை:
பார்த்தீர்களா! ஜாம்பவான்களே சறுக்கும் இடத்தில் முதல் வருடப் பிள்ளை எழுதி என்ன கிழிக்கப் போகிறது?

வைவாக்கா:
தம்பி, அந்த வரியை எழுதிப் பார்க்காதவருக்கு இப்போது நான் சொன்னதே புரியாது. லோவோடு, ஹை மைனஸ் லோவில் பாதியைக் கூட்டினால் சரியாகிவிடும். பரீட்சைக்கு நோட்டை மனப்பாடம் செய்ய வைப்பதுதான் தப்பு, அதில் உங்கள் கட்சிதான் நான். அது இருக்கட்டும், தங்கை எழுதிய புரோகிராமை இங்கே போடுங்கள்.

கரும்பலகை:
போட்டிருக்கிறேன். கடைசியில் சேர்க்கிற ஃபங்ஷனில்தான் விழுகிறது.

மாலோக்:
புது நோடுக்கு மாலோக் (நினைவகத்தில் இடம் வாங்கித் தரும் சி ஃபங்ஷன், என் பெயரும் அதுதான்) பண்ணியிருக்கிறாள், அதன் நெக்ஸ்டில் நல் (அடுத்து எதுவும் இல்லை என்ற குறி) போடவில்லை. மாலோக் கொடுக்கும் இடத்தில் பழைய குப்பை அப்படியே இருக்கும். அடுத்த நோடு சேர்க்கும்போது அந்தக் குப்பையை முகவரி என்று நம்பி லூப் போய்க்கொண்டே இருக்கிறது. பேப்பரில் நாலு கட்டம் போட்டு அம்புக்குறி வரையச் சொல்லுங்கள், அவளே கண்டுபிடிப்பாள்.

கரும்பலகை:
வரைந்தாள். மூன்றாவது கட்டத்திலேயே "ஐயோ" என்றாள். இப்போது ஓடுகிறது. ஆனாலும் பதினைந்து பக்கம் அநியாயம்தான்.