புதுப்பிப்பு: கத்தரிப் பாத்தியில் வீட் மேட், மழைக்குப் பிறகு

கத்தரிப் பாத்தியில் களை தாங்கவில்லை, கருப்பு வீட் மேட் (களை முளைக்காமல் மண்ணை மூடும் நெய்த பிளாஸ்டிக் விரிப்பு) விரிக்கலாமா என்று கோடையில் கேட்டிருந்தேன். விரித்தாச்சு, ஐப்பசி மழையும் பார்த்தாச்சு. சாரணை, குப்பைமேனி தொல்லை அறவே இல்லை. கோரைதான் அடங்க மாட்டேன் என்கிறது. அதன் முளை ஊசி மாதிரி நெசவைக் குத்திக்கொண்டு வருகிறது. பிடுங்கினால் தாள் மட்டும் கையோடு வரும், கிழங்கு அடியிலேயே தங்கிவிடும். அருகம்புல்லோ செடிக்கு வெட்டிய ஓட்டை வழியாகத் தலை நீட்டுகிறது. அதனால் ஓட்டையைப் பெரிய வட்டமாக வெட்டாமல், கூட்டல் குறி போலச் சின்னதாகக் கீறுங்கள். மேலே சருகு பரப்பச் சொன்னவர்களுக்கு: அது மக்கி மண்ணாகி, அதிலேயே புது விதை முளைக்கிறது! ஒவ்வொரு பட்டத்துக்கும் தொழு உரம் கலக்கும் பாத்திக்கு இந்த மேட் சரிப்படாது, உருவிவிடப் போகிறேன். நடைபாதையில் இருக்கட்டும்.