பழைய பைபர் பாய்ப்படகு: ஜெல்கோற்றா, பெயின்றா?

பண்ணைக்காற்று:
வணக்கம். எழுபதுகளில் வார்த்த 22 அடி பைபர் பாய்ப்படகு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. திருகோணமலையில் ஒரு வளவுக்குள் பல வருடம் கிடந்ததை லொறியில் ஏற்றி வந்து, யாழ்ப்பாணம் குருநகரில் மாமா வீட்டு வளவில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். நீர்மட்டத்துக்கு மேலே பழைய சுண்ணாம்பு மதில் மாதிரி, தடவினால் கையில் மா ஒட்டுகிறது. அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், மயிர்வெடிப்பு. கீழே ஏராவுக்கு (அடியில் நீளமாக ஓடுகிற முதுகெலும்பு) இரண்டு பக்கமும் கொப்புளங்கள், எண்ணினேன், 43. சின்னது மிளகளவு, பெரியது இரண்டு ரூபாய்க் குற்றியளவு. ஒன்றைக் குத்தினேன், புளித்த வாசத்தோடு தண்ணீர் வடிந்தது. பைபர் வேலை செய்கிற ஒருவர் முழுக்க உரஞ்சிவிட்டு ஜெல்கோற், அதாவது பைபருக்கு வெளித்தோலாக நிற்கிற நிற ரெசின், அடிக்கலாம் என்கிறார். வாகனத்துக்குப் பெயின்ற் அடிக்கிற நண்பன் "விசரா, ஹார்ட்னர் கலந்து இறுக்குகிற இரண்டு கலவைப் பெயின்ற் அடி" என்கிறான். இப்போது மாசி. சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) எழும்புவதற்குள் முடிக்கலாமா?

கரையூர்ப் பைபர்:
தம்பி, ஜெல்கோற்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. படகே பொலியெஸ்ரர் ரெசின், ஜெல்கோற்றும் பொலியெஸ்ரர், இனம் இனத்தோடுதான் ஒட்டும். அரை மில்லிமீற்றர் தடிப்பு நிற்கும். பெயின்ற் எவ்வளவு நிற்கும்? இரண்டு பூச்சுப் பூசினாலும் அதில் பத்தில் ஒரு பங்கு. கரையில் ஒருமுறை இழுத்தால், இல்லை பக்கத்து வள்ளத்தின் கயிறு உரஞ்சினால் அடித்தோல் தெரியும். ஜெல்கோற் மங்கினால் மேல்தோலை உரஞ்சி வெட்டித் திரும்ப மினுக்கலாம், பெயின்ற்றை எத்தனை தரம் வெட்டுவீர்கள்? 30 வருடமாக மீன்பிடிப் படகு வார்க்கிறவன் சொல்கிறேன்.

மினுக்கல்:
அண்ணை கோபிக்காதேங்கோ. நீங்கள் 30 வருடமும் அச்சுக்குள் அடித்தீர்கள். அச்சை மினுக்கி, மெழுகு பூசி, முதல் ஜெல்கோற் அடித்து அதற்குப் பிறகு பைபர்ப் பாய் (கண்ணாடி நார் விரிப்பு) போட்டு ரெசின் இழுத்தீர்கள். வெளியே வருகிற மினுக்கம் அச்சினுடையது, ஜெல்கோற்றினுடையது இல்லை. இவருடைய படகுக்கு அச்சு எங்கே? வெளியிலிருந்து உருளையால் உருட்டினால் தோடம்பழத் தோல் மாதிரி நிற்கும், பிறகு 22 அடியையும் இரண்டு பக்கமும் 320 நம்பர் சாண்ட்பேப்பரில் தொடங்கி 1000 வரைக்கும் தண்ணீர் விட்டு உரஞ்ச வேண்டும். அதோடு சாதாரண ஜெல்கோற் காற்றுப்பட்டால் மேல்தோல் காயாது, பிசுபிசு என்று நிற்கும், மெழுகுக் கரைசல் கலந்தால்தான் இறுகும். இரண்டு கலவைப் பொலியூறெத்தேன் தானாகப் பரந்து தானாக மினுங்கும். ஒருவர் உருளையால் உருட்டிக்கொண்டு போக, மற்றவர் பின்னாலே நல்ல பிரஷ்ஷின் நுனியால் தடவிக்கொண்டு வந்தால் போதும். ஸ்பிறே வேண்டாம், அதன் ஹார்ட்னரில் இருக்கிற ஐசோசயனேற் நெஞ்சுக்குள் போனால் ஆஸ்துமா வரும், சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது.

கொண்டல்:
இரண்டு பேரும் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறீர்கள்? மா ஒட்டுகிறது என்பது வெயில் தின்ற மேல்தோல் மட்டும்தான். ஒரு சதுர அடியை எடுத்து, 800இல் தண்ணீர் விட்டு உரஞ்சி, கொம்பவுண்ட் (மினுக்குகிற பசை) போட்டு, மெழுகு தேய்த்துப் பாருங்கள். அடியில் நல்ல தோல் இருந்தால் மினுங்கும், ஒரு ரின் பெயின்ற்றும் தேவையில்லை. என்னுடைய சின்னப் படகு இப்படித்தான் நான்கு வருடம் ஓடியது.

பண்ணைக்காற்று:
இன்று பின்பக்கம் ஒரு துண்டு செய்து பார்த்தேன். மினுங்கியது, ஆனால் ஒரு இடத்தில் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கிறது. யாரோ முதலே பல தரம் வெட்டிவிட்டார்கள் போல.

கொண்டல்:
அப்ப முடிந்தது. நான் விலகுகிறேன்.

கரையூர்ப் பைபர்:
தோல் தேய்ந்துவிட்டது என்றால் தோல் போட வேண்டும், தோலுக்கு மேலே சாயம் இல்லை. நான் சொன்னது அதுதானே!

ஏரா:
மேலே என்ன நிறம் என்று சண்டை பிடிக்கிறீர்கள், கீழே 43 கொப்புளம் இருக்கிறதே, அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. பொலியெஸ்ரருக்குள் தண்ணீர் மெல்ல மெல்ல ஊறி, ரெசினைச் சிதைத்து அமிலமாக்கி, அந்தக் கரைசல் இன்னும் தண்ணீரை உள்ளே இழுத்துத்தான் கொப்புளம் கட்டுகிறது. புளித்த வாசம் அதுதான். 43 கொப்புளத்தால் படகு மூழ்காது, பயப்பட வேண்டாம். ஆனால் அதற்கு மேலே ஜெல்கோற் அடித்தாலும் பெயின்ற் அடித்தாலும் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி. ஒவ்வொன்றையும் கிண்ணம் போலச் சரித்துத் திறந்து, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவுங்கள். குருநகர்க் கிணற்றுத் தண்ணீரை நம்பாதீர்கள், காய்ந்ததும் வெள்ளை படிகிற தண்ணீரால் கழுவிப் பிரயோசனமில்லை, மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அது நல்லது. பிறகு காய விடுங்கள், நாள்கணக்கில் இல்லை, மாதக்கணக்கில். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு அடிச் சதுரமான தெளிந்த பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப் ஒட்டி விடுங்கள், ஓரிரு நாளில் உள்பக்கம் வியர்த்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

கரையூர்ப் பைபர்:
மாதக்கணக்கிலா? வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி 1938இல் அமெரிக்காவில் குளஸ்டர் வரைக்கும் போனது. அதை யார் பொலித்தீன் ஒட்டிப் பார்த்தது?

ஏரா:
அண்ணை, அது மரம். மரம் தண்ணீர் குடித்தால் ஊதி இடைவெளியை அடைக்கும், பைபர் தண்ணீர் குடித்தால் கொப்புளிக்கும். மரக்கப்பலைக் கட்டினவர்களும் மரத்தைக் காயவைத்துத்தான் கட்டினார்கள்.

மினுக்கல்:
காய்ந்த பிறகு குழிகளைப் புட்டியால் நிரப்பலாம்தானே? கார்ப் புட்டி மலிவு.

ஏரா:
ஐயோ வேண்டாம். கார்ப் புட்டியும் பொலியெஸ்ரர்தான், அதற்குள் இருக்கிற ரால்க் தூள் தண்ணீரை உறிஞ்சும். நீர்மட்டத்துக்குக் கீழே எப்பொக்சியில் (அது வேறு இன ரெசின்) சிலிக்காத் தூள் கலந்து அடையுங்கள். அதற்கு மேலே எப்பொக்சித் தடுப்புப் பூச்சு ஐந்தாறு தரம். எப்பொக்சி இறுகினதும் சிலவேளை மேலே சவர்க்காரம் மாதிரி வழுக்கல் படியும், அதைத் தண்ணீர் விட்டு உரத்துத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் சாண்ட்பேப்பர் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பூச்சு உரிந்து வரும். இன்னொன்று, மினுக்கல் தம்பி, உங்கள் கார்ப் பெயின்ற் நீர்மட்டத்துக்கு மேலே மட்டும். எப்போதும் தண்ணீருக்குள் நின்றால் அதுவும் கொப்புளிக்கும்.

கரையூர்ப் பைபர்:
சரி, கீழே எப்பொக்சி. மேலே ஜெல்கோற். சரிதானே?

மினுக்கல்:
இனம் இனத்தோடு என்று சொன்னது நீங்கள்தான் அண்ணை. அணியத்து வெடிப்புகளைக் கீறித் திறந்து எப்பொக்சியால் அடைத்தால், அந்த எப்பொக்சிக்கு மேலே பொலியெஸ்ரர் ஜெல்கோற் ஒழுங்காகப் பிடிக்காது. பெயின்ற் பிடிக்கும்.

கரையூர்ப் பைபர்:
வெடிப்பை ஏன் எப்பொக்சியால் அடைக்க வேண்டும்? ஜெல்கோற் பசையாலேயே அடைக்கலாம். நான் அடைத்த படகுகள் பாசையூரில் இன்றைக்கும் ஓடுகின்றன, வந்து பாருங்கள்.

மினுக்கல்:
மீன் ஏற்றுகிற படகில் ஒட்டுத் தெரிந்தால் யார் கேட்கப் போகிறார்கள். இது வேறு.

கரையூர்ப் பைபர்:
அது என்ன "வேறு"? கடல் ஒன்றுதான் தம்பி. ஓடுகிற படகைப் பற்றித்தான் நான் கதைக்கிறேன், கலியாண வீட்டுக் காரைப் பற்றி இல்லை.

கொண்டல்:
விலகுகிறேன் என்று சொன்னேன், முடியவில்லை. எது அடித்தாலும் முதல் மெழுகை எடுங்கள். தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் வழித்து எடுக்க வேண்டும், துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். மெழுகு இருக்க உரஞ்சினால் அதைக் கீறலுக்குள் தேய்த்து விடுவீர்கள். கீழே பழைய பாசித்தடுப்புப் பெயின்ற் இருந்தால் காய்ந்தபடி உரஞ்சாதீர்கள், செப்புத் தூள் பறக்கும், தண்ணீர் விட்டு உரஞ்சுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். நிறம் வெள்ளையே இருக்கட்டும். கருநீலம் வடிவுதான், ஆனால் எங்கள் வெயிலில் தொட ஏலாத அளவுக்குச் சுடும், பைபர்ப் பாயின் நெசவு வெளியே தெரிய வரும்.

ஏரா:
சோளகத்தைப் பற்றிக் கேட்டீர்களே. மேல்பக்கத்தைப் பங்குனிக்குள் முடியுங்கள், காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, பின்னேரம் ஈரம் இறங்குவதற்கு முதல் நிறுத்துங்கள். கிடுகுக் கொட்டிலோ தறப்பாளோ போடுங்கள், வெயிலில் நின்ற பைபரில் எந்தப் பூச்சும் பரவுவதற்கு முதல் இறுகிவிடும். அடிப்பக்கத்தைத் திறந்து கழுவிச் சோளகம் முழுக்கக் காய விடுங்கள். பெயின்ற்றுக்குத் தூசி கொண்டு வருகிற அதே காற்றுத்தான் ஈரத்தையும் எடுக்கும். எப்பொக்சி ஆவணியில்.

பண்ணைக்காற்று:
அப்ப இந்த வருடம் கடல் இல்லை. சரி. கரையூர் அண்ணை, கோபிக்காதேங்கோ, மேலே பெயின்ற்தான் அடிக்கப் போகிறேன். என்னிடம் இருப்பது இரண்டு கை, 1000 வரைக்கும் உரஞ்ச என்னால் ஏலாது. ஆனால் அணியத்து வெடிப்புக்கு உங்கள் ஜெல்கோற் பசைதான், அதற்கு மேலே பெயின்ற் பிடிக்கும்தானே?

மினுக்கல்:
பிடிக்கும். நல்லா இறுகினதும் மெழுகைத் துடைத்துவிட்டு 220இல் உரஞ்சிக்கொள்ளுங்கோ.

கரையூர்ப் பைபர்:
ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வெடிப்பை நான் திறக்கிறேன், நீங்கள் தொடாதேங்கோ. பெயின்ற் அடிக்கிற அன்றைக்கு என்னைக் கூப்பிட வேண்டாம்.